மின்சுற்றின் விதி கண்ட ஆசிரியர் ஓம்

மின்னியற் பாடம் தொடங்கும் நாளில் மாணவர் முதலிற் கேட்கும் பெயர்களுள் ஓம் என்பதும் ஒன்று. சைவச் சூழலில் வளர்ந்த நம் மாணவர் அதனைக் கேட்டவுடன் முறுவலிப்பது வழக்கம். பிரணவத்தோடு ஒலியால் ஒத்த அப்பெயர் ஒரு ஜேர்மானியக் குடும்பத்தின் பெயராகும். ஒலி ஒற்றுமையன்றி வேறு தொடர்பு யாதுமில்லை. தடையின் அலகாக அப்பெயரை நாள்தோறும் எழுதும் நாம், அதற்குரியவர் யாவர், எவ்வாறு வாழ்ந்தார் என்பவற்றைப் பெரும்பாலும் அறியோம். அவர் ஒரு பாடசாலை ஆசிரியர். பாடசாலையொன்றின் ஆய்வுகூடத்திலேயே தம் விதியைக் கண்டார். கண்டதை வெளியிட்டமைக்குப் பரிசாக அவர் பெற்றவை புறக்கணிப்பும் பல்லாண்டு அலைச்சலுமே. ஆசிரியர்களையும் மாணவர்களையும் நினைந்து போற்றும் ஒரு விழா மலரில் அவருடைய வரலாறு இடம்பெறுவது பொருத்தமேயாகும்.

ஜோர்ஜ் சீமொன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16ஆந் திகதி, இன்று ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில் அடங்கியுள்ள ஏர்லாங்கன் நகரிற் பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்யும் கம்மியர். முறையான கல்வி பெறாதவராயினும், தாமே முயன்று கணிதமும் பௌதிகமும் மெய்யியலும் கற்றவர். தாயார் ஒரு தையற்காரரின் மகள். ஜோர்ஜ் பத்து வயதினராக இருக்கையிலேயே காலமானார். ஏழு பிள்ளைகள் பிறந்த அக்குடும்பத்தில் மூவரே வளர்ந்து ஆளாயினர். ஜோர்ஜுக்கும் அவருடைய தம்பி மார்ட்டினுக்கும் தந்தையாரே முதல் ஆசான். நகரப் பாடசாலை ஊட்டாத கணித அறிவை அவர் ஊட்டினார். அதனோடு உலோகத்தைக் கையாளும் தொழிற்றிறனும் மைந்தருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் ஓம் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொண்டமைக்கு வித்து அப்பட்டறையிலேயே இடப்பட்டது என்க. ஏர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டோர்ப் என்பார் அச்சகோதரரின் கணிதத் திறமையைச் சோதித்து வியந்து, புகழ்பெற்ற பேர்னூலிச் சகோதரரோடு அவர்களை ஒப்பிட்டார்.

ஆயினும் திறமை ஒன்றே மனிதனைக் கரையேற்றுவதில்லை. 1805ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகம் புகுந்த ஓம், நடனத்திலும், பனிக்கட்டி மேற் சறுக்கும் விளையாட்டிலும், பில்லியட்டு மேசையிலும் காலத்தைப் போக்கினார். தமக்குக் கிடையாத வாய்ப்பை மைந்தர் வீணாக்குவது கண்டு வெகுண்ட தந்தையார், மூன்று தவணைகளின் பின் அவரைப் பல்கலைக்கழகத்தினின்று விலக்கிச் சுவிற்சர்லாந்துக்கு அனுப்பினார். அங்கே 1806ஆம் ஆண்டில், பதினேழு வயதிலேயே, ஓம் ஒரு பாடசாலையின் கணித ஆசிரியரானார். பின்னர்த் தனியாசிரியராகவும் பணியாற்றினார். அவ்வாண்டுகளில் ஒயிலர், லப்பிலாசு முதலிய பேரறிஞரின் நூல்களைத் தாமே கற்றுத் தெளிந்தார். 1811ஆம் ஆண்டில் ஏர்லாங்கனுக்கு மீண்டு, அவ்வாண்டிலேயே கலாநிதிப் பட்டமும் பெற்றார். தந்தையின் சினம் மைந்தருக்கு நன்மையாகவே முடிந்தது.

பட்டம் கிடைத்ததேயன்றி வயிற்றுப்பாடு தீர்ந்திலது. பல்கலைக்கழக விரிவுரைக்குக் கிடைத்த சிறு வருவாய் போதாமையால் 1813இல் பம்பேர்க் நகரிலுள்ள ஒரு தாழ்ந்த தரப் பாடசாலையில் ஆசிரியப் பதவியை ஏற்றார். அப்பாடசாலையும் 1816இல் மூடப்பட்டது. அக்காலத்தில் அவர் எழுதிய கேத்திரகணித நூலொன்று 1817இல் வெளிவந்தது. அதன் பயனாகவே கொலோன் நகரில், முன்னர் இயேசு சபையாருக்குரியதாயிருந்த உயர் பாடசாலையிற் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் பதவி அவரைத் தேடிவந்தது. அப்பாடசாலையின் பௌதிக ஆய்வுகூடம் நல்ல கருவிகள் நிறைந்தது. பூட்டுத் தொழிலாளியின் மைந்தருக்கு அதுவே பெருஞ்செல்வமாயிற்று.

அக்காலத்து மின்னியலின் நிலையை ஈண்டு நோக்குவோம். இத்தாலியரான வோல்ற்றா 1800ஆம் ஆண்டில் மின்கலவடுக்கை உலகுக்கு அறிவித்தார். நாகத் தகட்டையும் செம்புத் தகட்டையும் உப்புநீரோ அமிலமோ இடைநிற்க அடுக்கி, இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால், மின் இடையறாது ஓடும் என்பது அதனாற் புலனாயிற்று. 1820ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்ரெட், மின் ஓடும் கம்பியின் அருகே வைத்த காந்தவூசி திரும்புதலைக் கண்டார். மின்னோட்டத்தை அளத்தற்கு அன்றே வழி பிறந்தது; ஊசி எவ்வளவு வலிமையுடன் திருப்பப்படுகின்றதோ அவ்வளவிற்கு ஓட்டமும் வலிது. எனினும் ஓட்டத்தின் அளவை நிருணயிப்பது யாது, கம்பி நீண்டால் அது எவ்வளவு குறையும், அக்குறைவிற்கு ஒரு கணக்கு உண்டா என்னும் வினாக்களுக்குத் திட்டமான விடை கூறுவார் இலர். மின்னழுத்தம், மின்னோட்டம், தடை என நாம் இன்று எளிதிற் பிரித்துரைக்கும் மூன்றும் அன்று ஒன்றோடொன்று மயங்கிக் கிடந்தன.

இவ்வினாக்களையே ஓம் கையிலெடுத்தார். 1825ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற் கட்டுரையில், வோல்ற்றாவின் முறையில் அமைந்த கலத்தோடு வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை இணைத்து, நீளத்திற்கேற்ப காந்தவூசியின் மீதுள்ள விசை குறையுமாற்றை அளந்து, அதனை ஒரு மடக்கைச் சூத்திரத்தால் எடுத்துரைத்தார். அச்சூத்திரம் பிழையானது. பிழைக்குக் காரணம் அளந்தவர் கையன்று. மின்னை வழங்கிய கலமே. அக்காலத்துக் கலங்களிற் சுற்றை மூடியவுடன் ஓட்டம் பாய்ந்தெழுந்து, சிறிது நேரத்திற் செம்புத் தகட்டின் மேல் ஐதரசன் குமிழிகள் படியத் தளர்ந்துவிடும். படியளவு நாழிக்கு நாழி சுருங்குமாயின் நெல்லை அளப்பது எங்ஙனம்? ஓமுக்கு நேர்ந்த இடர்ப்பாடு அதுவேயாகும்.

பொகென்டோர்ப் என்னும் பௌதிக அறிஞர் அவருக்கு ஒரு வழி கூறினார். 1821ஆம் ஆண்டிற் சேபெக் என்பார் கண்ட வெப்பமின் விளைவைப் பயன்படுத்துக என்பதே அது. இருவேறு உலோகங்களை இரண்டு இடங்களில் இணைத்து, ஓரிணைப்பை வெப்பமாகவும் மற்றையதைக் குளிராகவும் வைத்தால், அவ்விணையில் மின் ஓடும். வெப்பநிலை வேறுபாடு மாறாதிருக்கும் வரை, அங்கே மின்னைச் செலுத்தும் விசையும் மாறாது. ஓம் பிசுமத்துச் சட்டமொன்றோடு செம்புப் பட்டைகளைப் பொருத்தி, ஓரிணைப்பைக் கொதிநீரிலும் மற்றையதை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரின் வெப்பநிலையும் பனிக்கட்டியின் வெப்பநிலையும் இயற்கை தந்த நிலையான எல்லைகளாதலின், கிடைத்த மின்விசையும் நிலையாயிருந்தது. காந்தவூசியை ஒரு மெல்லிய பொற்பட்டையிலே தொங்கவிட்டு, அது திரும்பாவண்ணம் பட்டையை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதைக் கொண்டு ஓட்டத்தை அளந்தார். இதுவே அவர் அமைத்த முறுக்குத் தராசு.

1826ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஒரே தடிப்புள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றில் இணைத்து அளந்தார். அவற்றின் நீளம் அக்கால அளவில் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். முதற்கம்பிக்குத் தராசு ஏறக்குறைய 327 பிரிவுகள் காட்டியது, இரண்டாவதற்கு ஏறக்குறைய 301, ஏழாவதற்கு 83, எட்டாவதற்கு 48. இவ்வெண்களை மாணவர் சற்று உற்று நோக்குக. 2 அங்குலக் கம்பிக்குப் பதில் அதன் இருமடங்கான 4 அங்குலக் கம்பியை இட்டபோது, ஓட்டம் பாதியாகக் குறையவில்லை. பன்னிரண்டில் ஒரு பங்களவே குறைந்தது. ஆனால் 66 அங்குலத்திலிருந்து 130 அங்குலத்திற்குச் சென்றபோது ஓட்டம் பாதியை அணுகக் குறைந்தது. இருமடங்கு என்னும் ஒரே மாற்றம் ஈரிடத்தில் இருவேறு பயனைத் தந்தது யாங்ஙனம்?

இப்புதிரை அவிழ்த்ததிலேயே ஓமின் பெருமை விளங்குகின்றது. ஒவ்வொரு கம்பியின் நீளத்தோடும் இருபதேகால் என்னும் ஓர் எண்ணைக் கூட்டி, நிலையான ஒரு பேரெண்ணை அக்கூட்டுத்தொகையால் வகுத்தால், எட்டு அளவீடுகளும் ஒழுங்காக அமைதலை அவர் கண்டார். அவ் இருபதேகால் யாது? சோதனைக் கம்பியைத் தவிர்ந்த ஏனைய பகுதிகளின், அதாவது பிசுமத்துச் சட்டம், செம்புப் பட்டைகள், இணைப்புக்கள் ஆகியவற்றின் தடையே அது. வெப்பநிலை வேறுபாட்டைக் குறைத்து அவர் மீண்டும் அளந்தபோது வகுக்கப்படும் பேரெண் சிறுத்தது; இருபதேகாலோ மாறாது நின்றது. ஆகவே பேரெண் மின்னைச் செலுத்தும் விசையைக் குறிப்பது என்பதும், கீழேயுள்ள கூட்டுத்தொகை சுற்று முழுவதன் தடையைக் குறிப்பது என்பதும் ஐயமின்றித் துணியப்பட்டன. சுற்றிலுள்ள ஓட்டம், செலுத்தும் விசையைச் சுற்றின் முழுத் தடையால் வகுத்து வரும் ஈவுக்குச் சமன். இதுவே ஓமின் விதி.

முழுத் தடை என்னும் சொல்லை நாம் அழுத்திக் கூறுகின்றோம். வெளியே தெரியும் கம்பியை மட்டும் நோக்குவோர்க்கு இயற்கை ஒழுங்கற்றதாகத் தோன்றும். மின்தரும் கலத்தையும் சுற்றின் ஓர் உறுப்பாகக் கணக்கிடுவோர்க்கே ஒழுங்கு புலப்படும். மோட்டார் வண்டியை இயக்கத் தொடங்கும் கணத்தில் அதன் முன்விளக்குகள் மங்குவதை யாவரும் கண்டிருப்போம். தொடக்கும் மோட்டார் பெருமளவு ஓட்டத்தை இழுக்க, மின்கலவடுக்கின் அகத்தடையிலேயே அழுத்தத்தின் ஒரு பகுதி செலவாகி, விளக்குகளுக்கு எஞ்சுவது குறைந்துவிடுகின்றது. ஓமின் இருபதேகால் இன்றும் நம் வீதிகளிலே உலாவுகின்றது எனலாம்.

இவ்விதியைக் கொண்டு எளிய சுற்றுக்களை நாம் ஆராயும் முறையையும் இங்கு சுருக்கமாகக் கூறுதல் தகும். மேட்டிலுள்ள தொட்டியிலிருந்து குழாய்வழி நீர் ஓடுவதை ஓர் உவமையாகக் கொள்வோம். தொட்டியின் உயரம் அழுத்தம். நொடிதோறும் ஓடும் நீர் ஓட்டம். குழாயின் ஒடுக்கமும் நீளமும் தடை. கம்பி நீண்டால் தடை கூடும், தடித்தால் குறையும். அன்றியும் ஓட்டத்திற்குப் போகவும் மீளவும் வழி வேண்டும். எங்கேனும் ஓரிடம் அறுந்தால் சுற்று முழுவதும் ஓய்ந்துவிடும்.

12 வோல்ற்று அழுத்தமும் புறக்கணிக்கத்தக்க அகத்தடையும் உள்ள ஒரு மின்கலவடுக்கோடு, 4 ஓம் தடையொன்றும் 2 ஓம் தடையொன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, அதாவது தொடராக, இணைக்கப்பட்டனவெனக் கொள்க. முழுத் தடை 6 ஓம். ஆகவே ஓட்டம் 2 அம்பியர். இவ்வோட்டம் சுற்றின் எவ்விடத்தும் ஒன்றே. முதலாந் தடை அதனைத் தின்றுவிட்டு இரண்டாவதற்கு மிச்சம் விடுவதில்லை. மாணவர் பலர் மயங்குமிடம் இதுவே. பங்கிடப்படுவது ஓட்டமன்று, அழுத்தமே; 4 ஓம் தடையில் 8 வோல்ற்றும், 2 ஓம் தடையில் 4 வோல்ற்றும் வீழ்கின்றன. இனி, அதே மின்கலவடுக்கோடு 6 ஓம் தடையும் 12 ஓம் தடையும் அருகருகே, அதாவது சமாந்தரமாக, இணைக்கப்படின் ஒவ்வொன்றும் 12 வோல்ற்றையும் முழுமையாகப் பெறும். முதலாவதில் 2 அம்பியரும் இரண்டாவதில் 1 அம்பியரும் ஓட, கலவடுக்கிலிருந்து 3 அம்பியர் புறப்படும். இரண்டும் சேர்ந்து 4 ஓம் தடையொன்று போலத் தொழிற்படுகின்றன. வழிகள் பெருகத் தடை குறையும் என்பது இதனாற் பெறப்படும்.

நம் இல்லங்களின் விளக்குகள் சமாந்தரமாகவே இணைக்கப்பட்டுள்ளன. அதனாலேயே ஒன்றை அணைத்தாலும் மற்றவை எரிகின்றன. கம்பிகள் இரண்டு உறை நீங்கி ஒன்றையொன்று தொட்டுவிடின் தடை மிகச் சிறிதாகி, ஓட்டம் அளவிறந்து பெருகும், அதுவே குறுஞ்சுற்று. வீட்டைத் தீயினின்று காத்தற்கே மின்னுருகி வைக்கப்படுகின்றது. ஓமின் விதிக்கும் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. வெப்பநிலை மாறாதிருக்கும் உலோகக் கடத்திகளுக்கே அது செவ்வனே பொருந்தும். பழைய வகை இழை விளக்கொன்றின் தடை, அது குளிர்ந்திருக்கும்போது, எரியும்போதுள்ள தடையிற் பத்தில் ஒரு பங்களவே இருக்கும்.

இத்தகைய விதியைக் கண்டவரை உலகம் எவ்வாறு எதிர்கொண்டது? 1826ஆம் ஆண்டில் ஓம் அரைச் சம்பளத்துடன் விடுமுறை பெற்றுத் தம்பி வாழ்ந்த பேர்லின் நகருக்குச் சென்றார். அங்கே, வெப்பம் பரவுதல் பற்றிப் பிரான்சிய அறிஞர் பூரியர் வகுத்த கணிதமுறையைத் துணைக்கொண்டு, தம் விதியை ஒரு நூலாக விரித்து 1827இல் வெளியிட்டார். மின்சுற்றைக் கணிதமுறையால் ஆராயும் அந்நூல் தமக்குப் பல்கலைக்கழகப் பதவியொன்றைப் பெற்றுத்தரும் என்பது அவர் நம்பிக்கை. நம்பிக்கை பொய்த்தது. சோதனையாளர் பலருக்கு அதன் கணிதம் விளங்கவில்லை. இயற்கையைத் தத்துவ விசாரணையால் அறியலாம் என்றிருந்த ஒரு சாராருக்கு அதன் நோக்கே உவக்கவில்லை. பேர்லினிலிருந்து போல் என்பார் கடுமையான கண்டனம் எழுதினார். மனமுடைந்த ஓம் 1828ஆம் ஆண்டிற் கொலோன் பதவியைத் துறந்தார். பேர்லினில் இராணுவப் பாடசாலையிற் கணிதங் கற்பித்தல் முதலிய சிறு பணிகளால் காலங்கழித்தார். முப்பத்தொன்பது வயதில், நிலையான பதவியை விட்டு வெளியேறி, உண்மை தம் பக்கம் என்னும் துணிவையன்றி வேறு துணையின்றி அவர் நின்ற நிலையை எண்ணுங்கால் நம் நெஞ்சு இளகுகின்றது.

அவரை எல்லாரும் கைவிட்டனர் என்பதும் உண்மையன்று. லைப்சிக் நகரின் பெக்னர் 1831இல் விரிவான சோதனைகளால் விதியை உறுதிப்படுத்தினார். 1833இல் நியூரெம்பேர்க் நகரத் தொழில்நுட்பப் பாடசாலையில் ஓமுக்கு நிலையான பதவி கிடைத்தது. பின்னர் அதன் அதிபராகவும் உயர்ந்தார். இடையில் உலகின் தேவையும் மாறியது. 1825இல் ஆங்கிலேயரான பார்லோ, கம்பி நீள நீள மின்னின் வலிமை விரைந்து குன்றுதலைக் கண்டு, நெடுந்தூரத் தந்தி இயலாதென முடிவு செய்திருந்தார். நெடுங்கம்பியின் பெருந்தடைக்கு ஈடாக எத்தனை கலங்களைத் தொடராக இணைத்தல் வேண்டும் என்பதைக் கணக்கிட ஓமின் விதி வழிகாட்டியது. தந்தித் துறையில் உழைத்த உவீற்ஸ்ரன் அதன் பயனை நன்குணர்ந்து போற்றினார். 1841ஆம் ஆண்டில் ஓமின் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே இலண்டன் வேத்தியற் கழகம் தன் உயர்ந்த விருதாகிய கொப்ளிப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. நூல் வெளிவந்து பதினான்கு ஆண்டுகளின் பின், பிறநாடு முதலிற் பெருமை செய்தது. 1845இல் கேக்கோவ் என்னும் இருபத்தொரு வயது மாணவர், ஓமின் விதியை அடிப்படையாகக் கொண்டு, பல கிளைகளுள்ள சுற்றுக்களுக்குரிய தம் விதிகளை வெளியிட்டார்.

இளமையில் விரும்பிய பல்கலைக்கழகப் பீடம் முதுமையிலேயே ஓமை அடைந்தது. 1849இல் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்ட அவர், 1852இல் அங்குள்ள பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியரானார். மணஞ்செய்யாது வாழ்ந்த அவர், 1854ஆம் ஆண்டு யூலை மாதம் 6ஆந் திகதி காலமானார். வேட்ட பதவியில் அவர் வீற்றிருந்தது இரண்டே ஆண்டுகள். 1881இற் பாரிசு மாநகரிற் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது. 2019ஆம் ஆண்டிலிருந்து அவ்வலகு இயற்கையின் அடிப்படை மாறிலிகளைக் கொண்டு வரையறுக்கப்படுகின்றது. பெயர் மட்டும் மாறவில்லை.

ஓமுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னரே இங்கிலாந்தின் கவெண்டிசு என்னும் பெருஞ்செல்வர் இவ்விதியை ஒருவாறு கண்டிருந்தார் என்பது, 1879இல் மக்ஸ்வெல் அவருடைய குறிப்புக்களைப் பதிப்பித்தபோது தெரியவந்தது. அவர் அதனை வெளியிடாது வைத்திருந்தார். அதனால் உலகம் பயன்பெறவில்லை. கற்றதைப் பிறர்க்கு உரைப்பதே ஆசிரியரின் தொழில். ஓம் ஆசிரியராதலின் உரைத்தார், உரைத்ததற்காக இடருற்றார், இடருற்றும் தாம் கண்டதை மறுத்தாரல்லர்.

நம் மாணவர்க்கு அவர் வாழ்வு கற்பிப்பது யாதெனின், முதற் சோதனை பிழைத்ததாயின் கருவியை ஆராய்ந்து மீண்டும் அளக்க வேண்டும் என்பதே. 1825இன் பிழையை 1826இல் தாமே திருத்தியமையாலன்றோ அவர் பெயர் நிலைத்தது. நம் ஆசிரியர்க்கோ, ஒரு பாடசாலையின் ஆய்வுகூடமும் உலகுக்கு விதி வகுக்கும் களமாகலாம் என்னும் நம்பிக்கையை அது அளிக்கின்றது. செல்வமும் உயர்பதவியும் இல்லாதிருந்தும், பனிக்கட்டியையும் கொதிநீரையும் எட்டுக் கம்பிகளையும் கொண்டு மெய்ம்மை கண்ட அவ்வாசிரியரின் நெறி, நம் கல்லூரியின் ஆய்வுகூடத்திலும் வாழ்வதாக.